சுவார்ட்ஸ் ஐயரின் சொல்லுக்கு வந்த நெல்

(தஞ்சாவூரில் அறுப்பின் பண்டிகையை ஒட்டி ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் ஒரு காலத்தில் நெல் இருந்தும் சோறில்லாமல் சனங்கள் செத்தார்கள். 1781-ஐ ஒட்டிய காலம் அது. அதற்கு முந்தின ஆண்டுதான் மைசூரை ஆண்ட ஐதர் அலியின் படை கர்நாடகச் சீமைக்குள் இறங்கியிருந்தது. காவிரிக் கரையெங்கும் குதிரைகள். மதகுகள் உடைந்தன, மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள், ஊர் ஊராகச் சனம் வீட்டை விட்டு ஓடியது. தஞ்சைக் கோட்டைக்குள் கிழக்கிந்தியக் கும்பெனியின் பட்டாளமும், அடைக்கலம் தேடி வந்த சனமும் அடைபட்டுக் கிடந்தார்கள். விடிந்தால் தெருவில் பிணம்.

நாட்டுப்புறத்தில் நெல் இருந்தது. அதைக் கோட்டைக்குக் கொண்டுவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் கொடுக்க மறுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. முன்பு பொதி சுமந்து வந்தவர்களுக்குக் கூலி போய்ச் சேரவில்லை. நடுவில் இருந்த துபாஷிகள் அதை விழுங்கிவிட்டார்கள். துளஜா மகாராஜா உத்தரவு போட்டுப் பார்த்தார். பலிக்கவில்லை. கும்பெனி அதிகாரிகள் சொல்லிப் பார்த்தார்கள். அதுவும் பலிக்கவில்லை. அரசனின் முத்திரைக்கும் கும்பெனியின் பணத்துக்கும் அசையாத குடியானவர்கள் கடைசியில் ஒரு பாதிரியாரின் வாய்ச்சொல்லுக்கு அசைந்தார்கள். நம் பேச்சை இனி யாரும் நம்பமாட்டார்கள், சுவார்ட்ஸ் ஐயரைக் கேட்டுப் பார்ப்போம் என்று அதிகாரிகளில் ஒருவரே சொன்னார். எதுவும் எழுதாத வெறுந்தாள் ஒன்றை அவரிடம் அனுப்பினார்கள். சனங்களோடு என்ன ஒப்பந்தம் வேண்டுமானாலும் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள்.

அவர் ஆள் மேல் ஆள் அனுப்பினார். எதிரி பிடித்துக்கொண்டு போகிற ஒவ்வொரு மாட்டுக்கும் என் கையாலேயே பணம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். ஒன்றிரண்டு நாளில் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடுகள் வந்து நின்றன. சபையின் உபதேசியாரும் வேறு சில கிறிஸ்தவர்களும் உயிருக்குத் துணிந்து வெளியே போனார்கள். கொஞ்ச நாளில் 80,000 கலம் நெல் கோட்டைக்குள் இறங்கியது. எல்லாம் முடிந்தபின் ஐயர் ஒவ்வொருவருக்கும் கணக்குத் தீர்த்தார். கையில் இருந்தது போதாமல், பிறர் நம்பி ஒப்படைத்திருந்த பணத்திலிருந்தும் எடுத்துக் கொடுத்து, மேலே ஒரு சின்ன வெகுமதியும் சேர்த்து வழியனுப்பினார். இந்த விவரங்கள் அவரே 1794-இல் லண்டனுக்கு எழுதிய கடிதத்தில் இருக்கின்றன. இந்தியாவில் வேலை செய்யும் மிஷனெரிகளைப் பற்றி இங்கிலாந்தின் பார்லிமெண்டில் ஒருவர் தரக்குறைவாகப் பேசியிருந்தார். அதற்குப் பதிலாக, வேறு வழியில்லாமல் எழுதிய கடிதம். இல்லாவிட்டால் இதையும் அவர் சொல்லியிருக்கமாட்டார்.

பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடக்கிற கேள்வி இதுதான். அந்தக் குடியானவர்கள் ஏன் அவரை நம்பினார்கள்? அவர்களில் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள் அல்ல. அவருக்குப் படை இல்லை, சொந்தமாகப் பெரிய பணமும் இல்லை. நான் கண்ட விடை எளியது. இந்த மனிதனுக்கு நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ள ஒன்றும் வேண்டியதில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. முப்பது வருடமாக அவரைப் பார்த்துத் தெரிந்துகொண்டது அது.

கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் 1726-இல் பிரஷ்யாவில் சோனன்பர்க் என்ற சிறிய ஊரில் பிறந்தவர். 1750-இல் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அங்கிருந்து திருச்சிராப்பள்ளி, பின்பு 1778 முதல் தஞ்சாவூர். திரும்பத் தம் நாட்டுக்குப் போகவே இல்லை. திருமணம் செய்துகொள்ளவில்லை. திருச்சியில் அவரைப் பார்த்த வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார்: ஆண்டுக்கு 48 பவுன் சம்பளம்; ஒரு பழைய கட்டடத்தில் ஒரு கட்டிலும் ஓர் ஆளும் மட்டும் கொள்ளும் அறை; நம் சனங்கள் சமைப்பதுபோலச் சமைத்த சோறும் காய்கறியும்; உடுத்திக்கொள்ளக் கறுப்புச் சாயம் போட்ட பருத்தித் துணி. அதே காலத்தில் கும்பெனியின் கீழ்நிலை எழுத்தர்கூட ஊர் திரும்பும்போது தனவந்தனாகப் போன நாடு இது. ஆற்காட்டு நவாபுக்கும் தஞ்சை அரசருக்கும் கடன் கொடுத்து வட்டியில் மாளிகை கட்டியவர்கள் எத்தனையோ பேர். அந்தக் கூட்டத்தின் நடுவில்தான் இவர் இருந்தார். வறண்ட காட்டில் இருந்துகொண்டு எளிமையாக வாழ்வது வேறு. பணம் தெருவில் புரண்ட தஞ்சாவூரில், அரண்மனைக்குள் போகவும் வரவும் உரிமை இருந்தவர் எளிமையாக வாழ்ந்தது வேறு.

1779-இல் சென்னை அரசாங்கம் அவரை ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குத் தூது அனுப்பியது. ஐதர் அலி அவரை மரியாதையோடு நடத்தினார். திரும்பும்போது வழிச்செலவுக்கென்று 300 ரூபாய் கொண்ட பையைக் கொடுத்தார். மறுத்தால் அவமதிப்பாகும் என்பதால் வாங்கிக்கொண்டு வந்து, சென்னையில் அரசாங்கத்திடமே ஒப்படைத்தார். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்கள் வற்புறுத்தினார்கள். அப்படியானால் தஞ்சாவூரில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் நடத்த இது முதலாக இருக்கட்டும் என்றார். அடுத்த ஆண்டே போர் மூண்டபோது, அந்தப் பாதிரியார் எங்கே வேண்டுமானாலும் போகட்டும், தடுக்காதீர்கள் என்று தம் படைத்தலைவர்களுக்கு ஐதர் கட்டளையிட்டதாக அவருடைய வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. இரண்டு பக்கமும் அவரை நம்பின.

போர் ஓய்ந்த பிறகும் இந்த நாட்டுக்கு விடிவு வரவில்லை. அரண்மனையில் அதிகாரம் செலுத்தியவர்களின் வரிக் கொடுமை தாங்காமல் 65,000 பேர் ஊரை விட்டுப் போயிருந்தார்கள். வயல்கள் தரிசாகக் கிடந்தன. அழைத்தால் வருவார்களா என்ற சந்தேகத்தில், மறுபடியும் சுவார்ட்ஸ் பெயரில்தான் கடிதம் போயிற்று. நியாயம் கிடைக்கும் என்று அவர் உறுதி சொன்னார். ஒரே நாளில் 7,000 பேர் திரும்பி வந்தார்கள். மற்றவர்கள் பின்னாலேயே வந்தார்கள். பருவம் தப்பிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் ஏர் பூட்டுங்கள் என்று அவர் கேட்டபோது, நீங்கள் எங்களுக்குச் செய்ததற்காக இரவும் பகலும் உழைக்கிறோம் என்று அவர்கள் பதில் சொன்னார்கள். காவிரி நாட்டு விவசாயி அப்படி யாருக்கும் எளிதில் சொல்லமாட்டான். வண்டல் மண்ணைப்போல வாக்கையும் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துத்தான் நம்புவான்.

1787-இல் துளஜா மகாராஜா சாகும் தறுவாயில், தாம் தத்தெடுத்த பத்து வயதுப் பிள்ளை சரபோஜியை ஐயரிடம் ஒப்படைக்க விரும்பினார். அதை ஏற்றிருந்தால் ஒரு ராஜ்யமே அவர் கைக்குள் வந்திருக்கும். அவர் ஏற்கவில்லை. அது தம்மால் தாங்கக்கூடிய பொறுப்பு அல்ல என்று விலகிக்கொண்டார். ஆனால் பிள்ளையை விட்டுவிடவில்லை. பின்னாளில் அந்தப் பிள்ளைக்கு அரண்மனையிலேயே ஆபத்து வந்தபோது அவனுக்காக வாதாடியவரும், சென்னைக்கு அனுப்பிப் படிக்க வழி செய்தவரும் அவர்தான். இன்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்ளும் சரஸ்வதி மகால் நூலகத்தை வளர்த்த சரபோஜி மன்னர் அந்தப் பிள்ளைதான். 1798 பிப்ரவரி 13 அன்று ஐயர் இறந்தார். சரபோஜி வந்து அழுதார். பிளாக்ஸ்மன் என்ற பெயர்பெற்ற சிற்பியிடம் சொல்லி இங்கிலாந்தில் பளிங்குச் சிற்பம் செய்வித்தார். சிவகங்கைப் பூங்காவுக்குப் பக்கத்து ஆலயத்தில் அதை இன்றும் நீங்கள் பார்க்கலாம். கிறிஸ்தவராகாத மன்னர் ஒருவர் கிறிஸ்தவப் போதகருக்கு வைத்த நினைவுச் சின்னம் அது. ஐயர் தாம் சேர்த்து வைத்திருந்ததை எல்லாம் மிஷனுக்கே எழுதி வைத்துவிட்டார்.

அவர் கும்பெனிக்கு வேண்டியவராகவும் இருந்தார் என்பதையும், அவர் நடத்திய சபையில் சாதிவாரியாகத் தனித்தனி இடத்தில் உட்கார்ந்தார்கள் என்பதையும் மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனமில்லை. அந்தப் பிரிவினையின் பாவத்தைப் பின்வந்த தலைமுறைகளும் சுமந்தன. இன்னும் இறக்கி வைக்கவில்லை.

இப்போது வேதத்துக்கு வருகிறேன்.

சுவார்ட்ஸ் ஐயரிடம் கண்ட அந்தப் போதும் என்ற மனத்தை வேதம் மனரம்மியம் என்கிறது. மனரம்மியம் என்றாலே நமக்குப் பவுல் அப்போஸ்தலன் பிலிப்பி சபைக்கு எழுதிய நிருபம் ஞாபகம் வரும். சிறையிலிருந்து எழுதியது. எந்த நிலைமையிலும் திருப்தியாயிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அதில் சொல்கிறார். நாம் அதை எப்போது பிரசங்கிக்கிறோம்? துக்க வீட்டில், நஷ்டப்பட்டவன் வீட்டில், வேலை போனவன் வீட்டில். ஆனால் பவுல் பசியாயிருக்க மட்டும் கற்றேன் என்று சொல்லவில்லை. திருப்தியாய்ச் சாப்பிடவும், நிறைவில் வாழவும் கற்றுக்கொண்டேன் என்கிறார். நிறைந்த வயிற்றோடு வாழ்வதும் படித்துத் தேற வேண்டிய பாடம் என்று அவர் நினைத்தார். பட்டினியாயிருக்கப் பழகினவர்கள் நம் பாட்டன் பாட்டிமார். பஞ்சகாலத்தில் கிழங்கு தோண்டித் தின்றும், ஒருவேளைக் கஞ்சியை நாலு பேர் பகிர்ந்தும் வாழ்ந்தவர்கள். அந்தப் பாடத்தில் அவர்கள் தேறினார்கள். நமக்கு வைத்திருக்கிற பாடம் மற்றது. அதற்கு நம்மிடம் வாத்தியார் இல்லை, பாடப்புத்தகமும் இல்லை. கடை இருக்கிறது, கடன் இருக்கிறது.

லூக்கா சுவிசேஷத்தில் ஒரு பண்ணைக்காரனைப் பற்றி ஆண்டவர் சொன்ன உவமையை டெல்டாவில் இருக்கிற எவரும் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நிலம் நன்றாக விளைந்தது. வைக்க இடமில்லை. இருக்கிற களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்டத் தீர்மானிக்கிறான். அவன் திருடியதாகச் சொல்லப்படவில்லை, கூலியைப் பிடித்ததாகச் சொல்லப்படவில்லை. விளைச்சல் நியாயமானது. கவனித்துப் பாருங்கள், அந்தக் கதை முழுவதிலும் அவன் பேசுவது தன்னோடு மட்டும். பெண்டாட்டியிடம் பேசவில்லை, அறுத்துக் கொடுத்த ஆள்களிடம் பேசவில்லை, அடுத்த வயல்காரனிடம் பேசவில்லை. தன் ஆத்துமாவைப் பார்த்துத்தான் சாப்பிடு, குடி, சந்தோஷமாயிரு என்கிறான். மிகுதி ஒரு மனிதனை எப்படித் தனியாக்கும் என்பதை ஆண்டவர் அவ்வளவு சுருக்கமாகக் காட்டினார். நம் பழைய வீடுகளில் பத்தாயமும் குதிரும் இருந்தன. அவற்றுக்கு ஓர் அளவு இருந்தது. நிறைந்த பிறகு கொட்ட முடியாது. மீதியை விற்கவோ கொடுக்கவோ வேண்டும். இன்று சேர்த்து வைக்கிற இடத்துக்கு அளவே இல்லை. வங்கிக் கணக்கு நிறைந்து வழிந்ததை எவனும் பார்த்ததில்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். போதும் என்ற மனம் வேண்டும் என்று வேதம் யாரிடம் சொல்கிறது? யோர்தான் கரையில் யோவான்ஸ்நானனிடம் போர்ச்சேவகர்கள் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், உங்கள் சம்பளத்தோடு திருப்தியடையுங்கள் என்றார். கையில் ஈட்டி வைத்திருந்தவனிடம் சொன்னது. இரண்டு அங்கி வைத்திருந்தவனிடம் ஒன்றைக் கொடு என்றார். அங்கியே இல்லாதவனைப் பார்த்து, குளிரில் நடுங்குவதோடு திருப்தியாயிரு என்று அவர் சொல்லவில்லை. தீமோத்தேயுவுக்கு எழுதிய நிருபத்திலும், ஐசுவரியவானாக வேண்டும் என்று துடிக்கிறவர்களை நோக்கித்தான் அந்த எச்சரிப்பு. யாக்கோபோ இன்னும் நேராக வருகிறார். வயல்களை அறுத்த வேலைக்காரருக்குக் கொடாமல் பிடித்துக்கொண்ட கூலி கூக்குரலிடுகிறது, அது கர்த்தருடைய செவியில் பட்டது என்கிறார். அறுவடைக் கூலி! நெல் விளைகிற எந்த ஊரிலும் அந்த அதிகாரத்தை வாசிக்கும்போது ஆலயம் அமைதியாகிவிட வேண்டும்.

கீழ்வெண்மணி இங்கிருந்து தூரமில்லை. 1968 டிசம்பர் 25. உலகமெங்கும் கிறிஸ்து பிறந்ததைப் பாடிக்கொண்டிருந்த அந்த இரவில், கூலி நெல்லில் அரைப்படி கூட்டிக் கேட்ட, செங்கொடியை இறக்க மறுத்த தாழ்த்தப்பட்ட விவசாயக் கூலிகளில் 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள். பெரும் நிலம் வைத்திருந்தவர்களுக்கு அரைப்படி நெல்லை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அந்த அரைப்படியைக் கேட்டவர்களிடம் போய் உள்ளதோடு திருப்தியாயிரு என்று சொன்னால் அது சுவிசேஷம் ஆகாது. ஒவ்வொரு கிறிஸ்துமஸ் அன்றும் நாம் கேக் வெட்டுகிற நாள் நாகை மாவட்டத்தில் ஒரு ஊருக்கு நினைவுநாள். இதை நம் சபைகள் மேடையில் சொல்வது மிகக் குறைவு. சொல்ல வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

ஏழைகளை அடக்கி வைக்க மனரம்மியத்தைப் பேசுகிறவர்களிடமிருந்து அதை மீட்டு, யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர்களிடம் கொடுக்க வேண்டும். அதாவது நம்மிடம்.

நம் நாட்டிலேயே அதை வாழ்ந்து காட்டிய இன்னொருவரைச் சொல்கிறேன். மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826-இல் திருச்சிக்கு அருகே குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் என்று காவிரி கடலில் கலக்கும் பக்கத்திலேயே முன்சீப்பாக வேலை பார்த்தவர். முன்சீப் கச்சேரி என்றால் அந்தக் காலத்தில் நிலத் தகராறு, பாகப் பிரிவினை, அடமானம். கையூட்டு வாங்க நினைத்தால் கதவு தானாகத் திறக்கும் உத்தியோகம். அவர் கையூட்டை எதிர்த்துப் பாட்டு எழுதினார். நீதி நூல் எழுதினார். 1879-இல் தமிழின் முதல் நாவலான பிரதாப முதலியார் சரித்திரத்தை அச்சிட்டார். இவையெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு அவர் செய்ததுதான் எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுகிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருஷப் பஞ்சத்தில் அவர் தம் கைப்பொருளை எல்லாம் செலவழித்து மாயூரத்தில் கஞ்சித் தொட்டி வைத்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மனிதர். இனிச் சம்பளம் வராது என்று தெரிந்தவர். நாளைக்கு என்று எடுத்து வைத்ததைத்தான் இன்றைக்கு ஊற்றினார். நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் மாயூரத்தில் அவருக்கு நண்பர். மனிதரைப் பாடாத சிவபக்தர். வேதநாயகர் செய்ததைக் கண்ணால் பார்த்து அவரைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். சரபோஜிக்கு சுவார்ட்ஸ், பாரதியாருக்கு வேதநாயகர். இந்த மண்ணில் கிறிஸ்தவனை மற்றவர்கள் மனந்திறந்து மதித்த இடங்களைத் தேடிப் பாருங்கள். ஒவ்வொரு இடத்திலும் அவன் தனக்கென்று பிடித்து வைக்காத கையோடு நின்றிருப்பான்.

பணம் சம்பாதிப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. தஞ்சாவூர் ஆபிரகாம் பண்டிதர் வைத்தியத்தில் நன்றாகச் சம்பாதித்தவர். ஊருக்கு வெளியே பெரிய தோட்டம் வாங்கி நவீன முறையில் விவசாயம் செய்தார். 1912 முதல் தம் செலவிலேயே சங்கீத வித்வான்களை வரவழைத்து இந்த ஊரில் மகாநாடுகள் கூட்டினார். 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார். தமிழிசை ஆராய்ச்சிக்கு அது அடித்தளம். அவரிடம் மிகுதி இருந்தது. அது தேங்கவில்லை.

தண்ணீரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. மேட்டூரில் 1934 முதல் அணை நிற்கிறது. ஜூன் 12 திறக்க வேண்டும் என்று கணக்கு. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அங்கிருந்து ஆறு, வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று இறங்கி, திருத்துறைப்பூண்டிக்கும் வேதாரண்யத்துக்கும் பக்கத்தில் கடைமடைக்குப் போய்ச் சேர வேண்டும். முறை வைத்துத்தான் விடுகிறார்கள். தலைமடையில் இருப்பவன் தன் முறை முடிந்ததும் மடையை அடைக்க வேண்டும். அவன் வயலில் தண்ணீர் நிற்கிறது, இன்னும் ஒரு நாள் நின்றால் நல்லது என்று நினைக்கிறான். அவனுக்கு அது பேராசையாகத் தெரியாது; முன்யோசனையாகத்தான் தெரியும். கடைமடைக்காரனின் நாற்று காய்வது அவன் கண்ணில் படாது. நடுவில் வெகுதூரம். ஆண்டவர் நம்மிடம் எதிர்பார்க்கிற மனரம்மியத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். மனம் குளிர்ந்து உட்கார்ந்திருப்பது அல்ல அது. என் வயலுக்கு வேண்டியது பாய்ந்துவிட்டது என்று அறிந்து, குனிந்து, சேற்றில் கையை விட்டு மடையை அடைக்கிற வேலை.

இன்று நம் வீடுகளுக்குள் பாய்ந்துகொண்டிருப்பது என்ன? சிங்கப்பூர்க் காசு, வளைகுடாக் காசு, அரசு வேலைச் சம்பளம். நல்லதுதான், அதற்காக ஆண்டவருக்கு நன்றி சொல்வோம். கூடவே வண்டிக்குத் தவணை, போனுக்குத் தவணை, நகைக்கடன், அதை மீட்க இன்னொரு குழுக்கடன். வாராவாரம் வசூலுக்கு வருகிறவரைப் பார்த்துப் பின்வாசல் வழியாகப் போகிற பெண்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். அவர்கள் ஆடம்பரத்துக்காகக் கடன் வாங்கவில்லை. பெண்ணின் கல்யாணத்துக்கு, பையனின் கல்லூரிக்கு, நெஞ்சுவலிக்கு வாங்கினார்கள். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு இத்தனை பவுன், இவ்வளவு பெரிய மண்டபம், இத்தனை வகைச் சாப்பாடு என்று அளவு வைத்தவர்கள் யார்? வசதி உள்ள நாம். நம்மில் ஒருவர் வீட்டுத் திருமணம் நூறு பவுனில் நடந்தால், ஐம்பதுக்கு வழியில்லாதவர் ஐம்பதுக்காக நிலத்தை அடகு வைக்கிறார். நம் மிகுதி அடுத்தவரின் கடனாக மாறுகிறது. சட்டம் 1961-இலேயே வரதட்சிணையைத் தடை செய்துவிட்டது. நம் ஆலயங்களில் ஓலை வாசிக்கும்போது ஒரு போதகரும் அதைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும்.

இன்னொரு வருத்தமும் இருக்கிறது. சொல்லாமல் போனால் மனச்சாட்சி உறுத்தும். ஆசீர்வாதம் என்றால் கார், வீடு, பதவி உயர்வு என்று பிரசங்கிக்கும் கூட்டங்கள் பெருகிவிட்டன. விதையைப்போலக் காணிக்கை போடு, நூறத்தனையாய் அறுப்பாய் என்கிறார்கள். கடன்பட்டவள் தாலியில் கோத்த குண்டுமணிப் பொன்னைக்கூடக் கழற்றிப் போடுகிறாள். வனாந்தரத்தில் மன்னா பெய்தபோது மறுநாளைக்கென்று பதுக்கியது புழுத்து நாறியதாக யாத்திராகமம் சொல்கிறது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மிஞ்சவில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறையவுமில்லை. அந்த வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டு பதுக்கலுக்கு ஆசீர்வாதம் என்று பெயர் வைப்பது எனக்குத் தாங்கவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் நாம் கேட்பது அன்றைக்குள்ள ஆகாரம். அதுவும் எனக்கு என்று அல்ல, எங்களுக்கு என்று கேட்கிறோம்.

அறுவடை முறையே மாறிவிட்டது. முன்பு ஆள்கள் அறுத்துக் கட்டுக் கட்டிக் களத்துக்குச் சுமந்து போவார்கள். அவர்களுக்குப் பின்னால் சிந்திய கதிரைப் பொறுக்க வயதான பெண்களும் பிள்ளைகளும் வருவார்கள். ஓரம் முற்றாக அறுக்காதே, சிந்தினதைத் திரும்பப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் உரியது என்று லேவியராகமத்தில் இருக்கிறது. ரூத் அப்படிப் பொறுக்கினவள்தான். அவள் வம்சத்தில்தான் தாவீது பிறந்தார். இன்று மெஷின் இறங்கி ஓரம் சாரம் எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகிறது. ஆள் கிடைக்காத நாளில் மெஷினை வேண்டாம் என்று சொல்ல முடியாது, நானும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஓரம் யாருடையது என்ற கேள்வி மெஷினோடு போய்விடவில்லை. வயலில் விட முடியாவிட்டால் மூட்டையில் விட வேண்டும்.

அதனால் ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். ஆராதனை முடிந்து, காணிக்கையாக வந்த விளைபொருள்களுக்கு ஏலம் நடக்கும். பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் சந்தோஷமாகப் போட்டி போட்டுக் கேளுங்கள். பலிபீடத்தின் பக்கத்தில் இருக்கும் நெல் மூட்டைகளை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று சபைக் கமிட்டியிடம் கேட்டிருக்கிறேன், நம் சபைப் போதகரும் சம்மதித்தார். அவற்றை விற்ற காசில் அடுத்த சாகுபடிக்கு விதை வாங்கி, கடைமடைக் கிராமங்களில் பயிரை மழையில் தொலைத்தவர்களுக்குக் கொடுக்கலாம். 2023 பிப்ரவரி மழையைப்போல அறுக்கிற நேரத்தில் பெய்தால் முதலில் சாய்வது அவர்கள் வயல். வாய்ப்பேச்சில் குத்தகை எடுத்துப் பயிர் செய்கிறவருக்குப் பட்டா அவர் பெயரில் இல்லை என்பதால் நிவாரணமும் பெரும்பாலும் போய்ச் சேருவதில்லை. அவர்களைத்தான் முதலில் தேட வேண்டும். எந்தச் சபை, எந்தச் சாமி, எந்தத் தெரு என்று கேட்க வேண்டியதில்லை. வாசலில் வாலிபர் சங்கத்துப் பிள்ளைகள் நோட்டோடு நிற்பார்கள். உங்கள் சொந்தக்காரர் ஊரில், பெண் கொடுத்த ஊரில் அப்படிப்பட்டவர்கள் இருந்தால், போகும்போது பெயரையும் ஊரையும் சொல்லிவிட்டுப் போங்கள். ஒரு மூட்டை கூடுதலாகப் போட மனமுள்ளவர்களும் அவர்களிடமே சொல்லலாம்.